எந்த வாரேன்?

வெண்ணந்தூர்,
கார்த்திகை 23, செவ்வாய்

அன்பு மகள் சௌமியாவுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் தையல் மெஷினும் கொல்லை முருங்கையும் சுகம். முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி வந்துவிட்டுப் போய்விட்டது, எனக்கு முழங்கால் வலி வந்துவிட்டுப் போக மாட்டேன் என்கிறது, மற்றபடி சொல்லும்படி குறை இல்லை. அங்கே நீ சுகமா என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்டால் நீ ஒரு மஞ்சள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். நாற்பத்தொரு நாளாக அந்தக் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் சாமி. சாப்பிட்டாயா என்றால் கட்டைவிரல், காய்ச்சல் விட்டதா என்றால் கட்டைவிரல், என்மேல் இன்னும் கோபமா என்று கேட்டேனே அதற்கும் கட்டைவிரல். கோபம்தான் என்கிறாயா, இல்லை என்கிறாயா, அதைப் பார்த்து நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? காகிதத்தில் எழுதினால் நீ கட்டைவிரல் காட்ட முடியாது, அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

நியூசிலாந்துக்குக் கடிதம் போட எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று போஸ்ட் ஆபீஸில் போய்க் கேட்டால் அங்கிருக்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏனுங்க்கா, ஒரு போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்புல போட்டா ஒரு நிமிசத்துல போயிருமேங்க என்கிறாள். அவள் சொல்வது வாஸ்தவம்தான். ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு கோடு விழும், அப்புறம் அது நீலமாகும், நீலமான பிறகு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நீ படித்தாயா, படிக்காமலேயே மேசைமேல் போட்டாயா என்று எனக்குத் தெரியவே தெரியாது. உன் அப்பா ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போய்ப் போர்வெல் போட்டுக்கொண்டிருந்த நாளில் இப்படித்தான் எழுதிப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். மாதம் ஒன்றானாலும் பதில் வந்துவிடும். இப்போது அப்பா நம்பரை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் தெரியுமா, அவர் பெயரைத் தொட்டால் மாலையும் கழுத்துமாக ஒரு புது ஜோடி சிரிக்கிறது. நான் பெயரை அழிக்கவில்லை, அந்தப் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

ஊர் சேதி கேட்டால், எல்லாம் போனுக்குள்தான் நடக்கிறது. ரவிக்கை தைக்க வருகிறவர்கள் துணியோடு போனையும் நீட்டுகிறார்கள், எங்கேயோ ஒரு சினிமாக்காரி போட்ட முதுகு இந்த வெண்ணந்தூர் முதுகுக்கும் வேண்டுமாம். அந்த முதுகு எலும்பும் தோலுமாக இருக்கிறது கண்ணு, இது நல்ல சோறு தின்ற முதுகு, துணி பத்தாது என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். தைத்துக் கொடுத்தாலும் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துப் பார்க்கிறார்கள், போட்டோவில் நன்றாக இருந்தால்தான் நன்றாகத் தைத்ததாக அர்த்தம். கல்யாணப் பத்திரிகை பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வருகிறது. மேலத் தெருவில் ஒரு கேதம், குரூப்பில் கைகூப்பினவர்கள் இருநூறு பேர், தூக்கிப் போகும்போது தெருவில் நின்றது முப்பது பேர் இருக்கும். நானும் கைகூப்பிவிட்டு வீட்டிலேயே இருந்தவள்தான், முழங்கால் வலி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால் ஊரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

விதைக் குரூப்பைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். குமாரபாளையத்து அறிவுச்செல்வி நடத்துகிறாளே, இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், யாரிடம் எந்த விதை இருக்கிறதோ அதைத் தபாலில் அனுப்பிக்கொள்வோம், முளைத்தால் படம் போடுவோம். முளைக்காவிட்டாலும் படம் போடுவோம், ஏன் முளைக்கவில்லை என்று இருபது பேர் வைத்தியம் சொல்வார்கள். அப்பா போன பிறகு காலையில் என்னிடம் முதலில் பேசுகிறவர்கள் அவர்கள்தான். எழுத்து பொடிப்பொடியாகத் தெரிவதால் நான் மைக்கை அழுத்திப் பேசித்தான் அனுப்புவேன், ஒன்பது மணிக்குத் தையலுக்கு உட்காரும் முன்னால் கடைசியாகச் சரிங்க, வாரேன் என்று ஒன்று அனுப்பிவிட்டுத்தான் போனை வைப்பேன். அறிவுச்செல்விக்கு அது பிடிக்காது. அக்கா, குரூப்புல யாரும் சொல்லிட்டுப் போவ வேண்டியதில்லீங்க, போனைக் கீழ வெச்சாப் போதுமுங்க, எல்லாரு போனும் நெறைஞ்சு போவுது என்று இரண்டு தடவை எச்சரிக்கை விட்டாள். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து வாய் திறக்காமல் எழுந்து போனால் அது என்ன பழக்கம், எனக்கு மனசு ஒப்பவில்லை. அவளுக்குச் சரி என்றேன், மறுநாளும் வாரேன் என்று அனுப்பினேன். வாரேன் அக்கா என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்போது நம் சமாசாரத்துக்கு வருகிறேன். நீ இந்த இடத்தில் கடிதத்தை மடிக்கப் பார்ப்பாய், மடிக்காதே. தீபாவளி முடிந்த மறுநாள் நான் உனக்கு, தைக்கு வந்துட்டுப் போயேன் சாமி, உன்னைப் பாத்து மூணு வருசமாச்சு என்று பேசி அனுப்பினேன். நீ திருப்பி அனுப்பினது நாலு விநாடி. சரிம்மா, பஸ் வந்துருச்சு, வாரேன். அவ்வளவுதான் நீ சொன்னது. நான் அதில் சரிம்மாவையும் வாரேனையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். அன்றைக்கே சொந்தக்காரர்கள் குரூப்பில் சௌமியா தைக்கு வருகிறாள் என்று மூன்று ரோஜாப்பூ வைத்துப் போட்டேன். அறுபத்து நாலு பேரும் ஒரே சந்தோசம். உன் மாமா காளிதாஸ் அன்று சாயங்காலமே குமாரபாளையத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டில் பேசித் தை நாலாம் தேதி பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டான். அவன் மகள் அபிநயா உன் போட்டோவை ஒரு ஏரோப்ளேன் பக்கத்தில் ஒட்டி வருக வருக என்று போஸ்டர் செய்து விட்டாள். நான் அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன், மறைக்கவில்லை. உன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, நீ பள்ளிக்கூடத்தில் வாங்கின கப்பையெல்லாம் துடைத்து வைத்தேன்.

அப்புறம் நீ குரூப்பில் எழுதினது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருக்கிறது. யார் சொன்னது, நான் எப்போ வர்றேன்னு சொன்னேன், என் போட்டோவை யாரைக் கேட்டுப் போட்டீங்க. அதற்குக் கீழே போனே ஒரு வரி எழுதியது, சௌமியா வெளியேறினார் என்று. என் மகள் வெளியேறினாளாம், அதைச் சொல்ல அது யார்? நீ பிளேன் ஏறின அன்றைக்குக்கூட கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சத்தம் கேட்காது என்று தெரிந்தே வாரேன்மா வாரேன்மா என்று வாயை அசைத்தவள் நீ. அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

அதற்கப்புறம்தான் கட்டைவிரல் காலம். காலையில் நான் ஸ்டேட்டஸ் வைப்பது நாட்டுக்காகவா, எல்லாம் நீ பார்ப்பதற்காகத்தான். செம்பருத்தி பூத்திருக்கிறது என்று வைப்பேன், கொஞ்ச நேரத்தில் யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் உன் பெயர் வரும், சரி பிள்ளை நல்லபடியாக எழுந்து வேலைக்குப் போயிருக்கிறாள் என்று மெஷினை மிதிப்பேன். பேசாவிட்டாலும் அது ஒன்று இருந்தது. ஐப்பசிக் கடைசியிலிருந்து அதுவும் இல்லை. போன் கெட்டுவிட்டதோ என்று அபிநயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் பார்த்துவிட்டு, அத்தை, போன் நல்லாத்தான் இருக்குது, அக்கா உங்க ஸ்டேட்டஸை மூடி வெச்சிருப்பா என்று மெல்லச் சொன்னாள். அப்படி மூட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நான் அழவில்லை, அவள் எதிரில் அழவில்லை என்று வைத்துக்கொள்.

சௌமியா, இதற்கு நடுவில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். விதைக் குரூப்பில் கெங்கவல்லியிலிருந்து ஆத்தாயி என்று ஒரு அக்கா இருக்கிறாள், அறுபத்திரண்டு வயது, வீட்டுக்காரர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மருமகள் ஒரு லீவுக்கு வந்தபோது குரூப்பில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறாள். ஆத்தாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவளும் மைக்கை அழுத்தித்தான் பேசுவாள், அதனால் எங்கள் இரண்டு பேர் பேச்சுதான் குரூப்பில் குரலாக இருக்கும். அவளிடம் மூக்குத்தி அவரை விதை இருக்கிறது. நான் கேட்டேன், விதைய தபால்ல போட மாட்டேன், கையிலதான் குடுப்பேன், வூட்டுக்கு வா கண்ணு என்றாள். ஒரு நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். போன மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள், வர்ற ஞாயித்துக்கெழம வந்துட்டுப் போறியா சித்ரா என்று பேசி அனுப்பியிருக்கிறாள். நான் அதைத் திறந்து கேட்கவே இல்லை. ஒன்பது மணி ஆகிவிட்டது, கீழே வழக்கம்போலச் சரிங்க, வாரேன் என்று அனுப்பிவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேள்விக்கு நேர் கீழே என் பதில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தீபம் வைத்துவிட்டுப் போனை எடுத்தால் ஆத்தாயியின் குரல். பரவால்ல கண்ணு, பஸ்ஸு கெடைக்கலியோ என்னமோ, இருட்டிப் போச்சின்னு நான் வூட்டுக்கு வந்துட்டேன், நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத என்கிறாள். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. மேலே தள்ளித் தள்ளிப் போய் வெள்ளிக்கிழமைப் பேச்சைக் கேட்டபோதுதான் விளங்கிற்று. பிறகு அவள் ஊரில் சொன்னார்கள், அந்த மனுசி காலை ஒன்பது மணியிலிருந்து இருட்டும் வரைக்கும் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறாள். இறங்குகிற பொம்பளைகளையெல்லாம் நீ சித்ராவா நீ சித்ராவா என்று கேட்டிருக்கிறாள், என் முகமே அவளுக்குத் தெரியாதே. எனக்குப் போன் போடவும் அவளுக்குத் தெரியாது, மைக்கை அழுத்த மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை, இரண்டு கல்யாண ரவிக்கை பாக்கி இருந்தது, இருக்கட்டும் என்று கடையைச் சாத்திவிட்டுப் புறப்பட்டுவிட்டேன். ராசிபுரம் போய், ஆத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து கெங்கவல்லி. மல்லியகரை தாண்டினதும் இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு, பார்த்துக்கொண்டே போனாலும் மனசு அதில் இல்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இறங்கிக் கடைவீதியில் விசாரித்தால், ஓ, போன்ல வர்ற சொந்தக்காரங்களா, நேத்தே வர்றதா சொன்னாங்களே என்கிறார் பழக்கடைக்காரர். தெருவில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரிந்திருந்தது. போய் நின்றால் ஆத்தாயி கதவருகே உட்கார்ந்து அவரை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்து அக்கா என்றேன், அவ்வளவுதான், முகத்தைப் பார்க்காமலே வந்துட்டியா சித்ரா என்று எழுந்துவிட்டாள். அவளுக்கு என் குரல்தானே தெரியும்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகு ஒரு கூத்து. போனில் மணிக்கணக்காகப் பேசின இரண்டு பேருக்கும் நேரில் ஒன்றும் பேச வரவில்லை. அவள் என் செருப்பைப் பார்க்கிறாள், நான் அவள் வீட்டுக் காலண்டரைப் பார்க்கிறேன். சோறு போட்டாள், கோழிக் குழம்பு, நேற்று வைத்ததைச் சுட வைத்தது. முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி, ஒன்றே ஒன்று இருந்ததாம், எனக்காக அடித்துவிட்டாள். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் அக்கா, நான் போகும்போது சொல்கிற வாரேனைச் சொன்னேன், வருவதாகச் சொல்லவில்லை, நீ கேட்டதையே நான் கேட்கவில்லை என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள். எங்க பக்கம் போறப்ப வரேன்னுதான் சொல்லுவோம், நீ வாரேன்னு நீட்டிச் சொன்னியா, சரி நெசமாத்தான் வர்றா போலன்னு நெனச்சிட்டேன் என்றாள். நானும் சிரித்துவிட்டேன். உங்கள் கெங்கவல்லிக்காரர்களுக்கு ஒரு எழுத்து நீண்டால் கோழியை அடித்துவிடுவீர்களா என்றேன்.

அவள் தட்டை எடுத்துக் கழுவிவிட்டு வந்து போனை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தள்ளித் தள்ளி என் குரலை ஒவ்வொன்றாகப் போட்டாள். ஒரு வருசத்துப் பேச்சு சாமி, நான் முள்ளங்கியைத் திட்டினது, பூச்சி மருந்துக்காரனைத் திட்டினது, தினம் தினம் ஒரு வாரேன், எதையும் அவள் அழிக்கவில்லை. சும்மா இருக்கிறப்ப போட்டுக் கேப்பேன், வூட்ல ஆள் இருக்கிறாப்பல இருக்கும் என்றாள். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை வாரேனைப் போட்டாள். இதையும் நாலஞ்சு தடவ கேட்டேன் கண்ணு, நாலாந் தடவையிலயே தெரிஞ்சுபோச்சு, இது போற வாரேன், வர்ற வாரேன் இல்லன்னு. நீ எந்திரிச்சுப் போற அவசரம் அதுலயே கேக்குது. தெரிஞ்சுதான் சோறு வடிச்சேன், தெரிஞ்சுதான் போயி ஒக்காந்தேன். என்ன பண்ண, ஆச கேக்க மாட்டேங்குது என்றாள்.

அப்போது நான் என் போனை எடுத்தேன். எதற்கு எடுத்தேன் என்று யோசிக்கவே இல்லை. உன் நாலு விநாடியை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். யார் என்ன என்று ஒன்றும் சொல்லாமல் கேளுக்கா என்று மட்டும் சொன்னேன். ஒரு தடவை கேட்டாள், காதை ஒட்டி வைத்து இன்னொரு தடவை கேட்டாள், மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். உன் மகளா என்றாள். ஆமாம் என்றேன். போனை என் கையில் திருப்பி வைத்துவிட்டு என் கையையும் பிடித்துக்கொண்டு, இது போற வாரேன் கண்ணு என்றாள்.

எனக்கும் தெரியும் சௌமியா. முதல் தடவை கேட்கும்போதே தெரியும், உனக்குப் பின்னால் பஸ் கதவு திறக்கிற சத்தம்கூட அதில் இருக்கிறது. தெரிந்துதான் மூன்று ரோஜாப்பூ வைத்துப் போட்டேன். அறுபத்து நாலு பேருக்குச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும், உனக்கும் மறுக்க மனசு வராது என்று எனக்குள் ஒரு கள்ள நினைப்பு இருந்தது. மாமாவும் அபிநயாவும் செய்ததற்கு நான் அவர்களைக் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன், தொடங்கி வைத்தது நான்தான். உன் வார்த்தையை எடுத்து என் இஷ்டத்துக்கு வெட்டித் தைத்துவிட்டேன். தையற்காரி புத்தி. தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துவிடு சாமி.

மறுநாள் சொந்தக்காரர்கள் குரூப்பில், சௌமியா தைக்கு வரவில்லை, அவள் வருவதாகச் சொல்லவும் இல்லை, நான்தான் ஆசையில் தப்பாகச் சொல்லிவிட்டேன், பெண் பார்க்க யாரும் வர வேண்டாம் என்று பேசி அனுப்பினேன். யாராவது திட்டுவார்கள், ஏன் சித்ரா என்னாச்சு என்று யாராவது கூப்பிடுவார்கள் என்று மெஷின் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. காளிதாஸ் மட்டும் நேரில் வந்து ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் போனான், அவனுக்கும் கொஞ்சம் அவமானம்தான். போஸ்டரை எடுக்கச் சொல்லிவிட்டேன், அபிநயா எடுத்துவிட்டாள், அக்காவுக்கு சாரின்னு சொல்லுங்க அத்தை என்றாள். அவளை உனக்கே சொல்லச் சொன்னேன், சொன்னாளா தெரியவில்லை.

ஆத்தாயி வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு டப்பா நிறைய மூக்குத்தி அவரை விதை கொடுத்தாள். பஸ் ஏறும்போது பழக்கத்தில் சரிக்கா, வாரேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் படியைப் பிடித்துக்கொண்டு, இது எந்த வாரேன் கண்ணு என்று கேட்டாள் பார், கண்டக்டர் விசில் அடிக்கிறான், நான் என்ன சொல்வது? வர்ற வாரேன்தான் அக்கா, தை பொறந்து வாரேன் என்று கத்தினேன். அதனால் இந்தத் தைக்கு நான் கெங்கவல்லியில் இருப்பேன், வீட்டில் போன் எடுக்க ஆள் இல்லையே என்று பயப்படாதே. ஆத்தாயியின் மருமகளுக்கு லீவு இல்லையாம், அவர்களும் வரவில்லை. இரண்டு கிழவிகளும் சேர்ந்து பொங்கல் வைத்து அதைப் போட்டோ எடுக்காமல் தின்பது என்று முடிவு செய்திருக்கிறோம். உன் அறைக்கு அடித்த சுண்ணாம்பு வீண் போகாது, முளைப்பாரி மாதிரி விதைத்தட்டுகளை அந்த ஜன்னலோரம்தான் வைத்திருக்கிறேன். ஆறு முளைத்திருக்கிறது. ஸ்டேட்டஸில் வைக்கவில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். தைக்கு வா, சித்திரைக்கு வா என்று இனிமேல் என் வாயால் கேட்க மாட்டேன், உனக்குத் தோன்றும்போது நீயே சொல், எனக்கு மட்டும் சொல், நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் பேசு சாமி. இரண்டு நிமிசம் பேசினாலும் போதும், வேலை இருக்கிறது என்று வைத்துவிடு. வைக்கும்போது பை என்று வைக்காதே, பேசாமலும் வைக்காதே, வாரேன்மா என்று சொல்லிவிட்டு வை. போற வாரேனே போதும் எனக்கு. அதைப் போகிற வார்த்தையாகவே வாங்கிக்கொள்ள நான் பழகிக்கொள்கிறேன்.

அங்கே இப்போது வெயில் காலம் என்று போனில் காட்டுகிறது, அந்த ஊர் வெயில் தோலைச் சுடுமாமே, தொப்பி போட்டுக்கொண்டு போ. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வை, புளியை ஊறப்போட ஐந்து நிமிசம் ஆகாது. உறைக்குள் விதை எதுவும் வைக்கவில்லை, உங்கள் ஊரில் விட மாட்டார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது, தட்டிப் பார்க்க வேண்டாம். நம் குலசாமியும் அப்பாவும் உனக்குத் துணை. எங்கே இருந்தாலும் உன் மனசுக்குப் பிடித்தபடி நூறு வயசுக்கு நன்றாக இரு, கண்ணு. அந்த ஸ்டேட்டஸை மட்டும் முடிந்தால் திறந்து வை, மறந்துவிடாதே.

சரி சாமி, ரவிக்கைக்கு ஆள் வந்துவிட்டது, வாரேன். இது போற வாரேன்தான். உன்னுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும், ஆசைப்பட்டு ஒன்றும் செய்துவிட மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எதற்கு எழுதுவது. நீ வாரேன் என்று சொல்கிற அன்றைக்கு உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவேன்.

உன் அம்மா,
சித்ரா